பன்னிரண்டு என்று எழுதிய இரும்பு

பெட்டி திறந்த அன்று அந்த ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர்கள்: குவைத்திலிருந்து முதல் நாள்தான் வந்து இறங்கிய மார்கிரட், அவள் புருஷன் றொனால்ட், நான்கு வருஷத்தில் அம்மாவின் தோளுக்கு வளர்ந்துவிட்ட மகள் ஷாமிலா, பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி, நாகலெட்சுமியின் புருஷன் (கொஞ்சம் போட்டிருந்ததால் வாசலோடு நின்றுகொண்டான்), தோட்டக் கமிட்டித் தலைவர் சோலைமலை. தலைவரை யாரும் கூப்பிடவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான கீழ்க்கணக்கு லயத்தில் வெளிநாட்டுப் பெட்டி எங்கே திறந்தாலும் அவர் வந்து நாற்காலியில் உட்காருவார். ஒளித்துத் திறந்தால் அடுத்த நாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அதைத்தான் பேசுவார்கள். அதனால் எல்லோரும் எல்லோருக்கும் முன்னால்தான் திறந்தார்கள்.

சவர்க்காரம் வந்தது. பால்மா வந்தது. சென்ட் போத்தல் இரண்டு, ஷாமிலாவுக்கு மூன்று சட்டை, றொனால்டுக்கு ஒரு டோர்ச். அதற்குள் பெட்டி பாதிக்கு மேல் காலியாகிவிட்டது, ஆனால் பாரம் குறையவில்லை. அடியில் துவாய் சுற்றிய ஏதோ ஒன்று கிடந்தது. றொனால்ட் ஒரு கையால் இழுத்தான், வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கிச் சிமெந்துத் தரையில் வைத்துத் துவாயை அவிழ்த்தான். கறுப்பு இரும்பு உருண்டை. மேலே தடித்த கைப்பிடி. வயிற்றில் 12 என்று எழுந்து நின்றது.

"என்னாடி இது, மூக்கில்லாத கேத்தலு?" என்றாள் நாகலெட்சுமி.

"ஒடம்புக்குச் செய்யிறது அக்கா. கெட்டில்பெல்னு சொல்லுவாங்க. எக்ஸசைஸ்."

"இங்க மலை ஏறி எறங்குறோமே, அதுக்குப் பேரு என்னாவாம்?"

தலைவர் குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார். கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் மூன்று பேர் அதைத் தட்டிப் பார்த்திருந்தார்கள், ஹட்டனுக்கு வரும் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் மோந்துகூடப் பார்த்தான். அவர்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "பிளேன்ல முப்பது கிலோதான் விடுறாங்களாம்," என்றார் தலைவர். "அதுல பன்னண்டு கிலோ இரும்பா தாயி? பால்மாவா கொண்டாந்திருந்தா லயத்துக்கே ஊத்திருக்கலாம்." வாசலில் நின்றவன் சிரித்தான். றொனால்ட் டோர்ச்சை எரித்து அணைத்தான், மறுபடி எரித்தான். அவனுக்குக் கோபமா வெட்கமா என்று மார்கிரட்டால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்கு வருஷத்தில் அந்த முகத்தை வாசிக்கிற பழக்கம் போய்விட்டிருந்தது.

அவள் கதை இதுதான். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன இரண்டாவது வருஷம், சுருட்டிய கம்பளம் ஒன்றை மாடிக்குத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ விட்டுப்போயிற்று. பதினொரு நாள் குனிய முடியவில்லை. திருப்பி அனுப்பினால் புது ஆள் எடுக்க வேண்டும், புதுக் கடதாசி செய்ய வேண்டும். வீட்டுக்கார அம்மாவுக்கு அந்த வில்லங்கம் வேண்டாமென்று இருந்தது. அந்த அம்மா தினமும் காலையில் டீவியைப் பார்த்து இதே மாதிரி இரும்பை வீசுகிறவள். ஒரு நாள் மார்கிரட்டைக் கூப்பிட்டு, இரும்பை இரண்டு பாதத்துக்கும் நடுவே வைத்தாள். முதுகை வளைக்கக் கூடாது. பின்னால் இருக்கிற சுவரைப் பின்புறத்தால் தொடுகிற மாதிரிப் பின்னுக்குப் போக வேண்டும், பிறகு எழும்ப வேண்டும். ஒரு மாதம் தூக்கி வைப்பது மட்டும்தான். அடுத்த மாதம்தான் வீச விட்டாள். கையால் தூக்காதே, இடுப்பால் தள்ளு, மூச்சை வெளியே விடு. எல்லாம் சைகையில்தான். ஐந்தாவது மாதம் உடுப்புக் காயப்போடும்போது, காலையிலிருந்து வலியை நினைக்கவேயில்லை என்று மார்கிரட் கவனித்தாள். அந்த அம்மா செய்தது இரக்கத்தில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மெஷின் பழுதானால் திருத்துவார்கள் அல்லவா, அந்த மாதிரி. ஆனால் திருந்தியது அவளுடைய இடுப்பு.

இங்கே வந்து நான்காம் நாள் தொடங்கினாள். றொனால்ட் விடியவே தேயிலை ஸ்டோருக்குப் போய்விடுவான், அங்கே அவனுக்குக் கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை. ஷாமிலா ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம். கட்டிலைச் சுவரோடு தள்ளினால் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் கிடைத்தது. முதல் நாள் இரும்பு முன்னால் போய் அலுமாரித் தட்டைத் தொட்டது, நான்கு கிளாஸ் போயிற்று. அடுத்த நாள் ஒரு அடி பின்னால் நின்றாள். பத்து வீச்சு, பிறகு வைத்துவிட்டு மூச்சு வாங்குவது, மறுபடி பத்து. அப்படி ஆறு தடவை. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருக்கிற நடுச்சுவர் கூரை வரை போகாது. இந்தப் பக்கத்து மூச்சு அந்தப் பக்கம் கேட்கும்.

"ஏ மார்கிரட்டு," என்று சுவருக்கு மேலால் குரல் வந்தது. "புருஷன் வேலைக்குப் போன பெறகு உள்ள யாருடி மூச்சு வாங்குறது?"

"நாந்தான்க்கா."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"தனியா மூச்சு வாங்கி என்னாடி சொகம்?"

அடுத்த காம்பராவில் யாரோ சிரித்தார்கள். அதற்கு அடுத்ததிலும் சிரித்தார்கள். நாகலெட்சுமி கொண்டையை முடிந்துகொண்டே வந்து தானும் தூக்கிப் பார்த்தாள். முதுகால் தூக்கினாள். மார்கிரட் அவள் இடுப்பைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ள, அவள் கட்டிலில் விழுந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். இரண்டு நாளில் அதற்கு லயத்தில் மார்கிரட் குண்டு என்று பேர் வந்துவிட்டது. றொனால்ட் மட்டும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வேலை விட்டு வந்து காலில் இடிக்கும்போது சுற்றிக்கொண்டு போனான்.

மூன்றாவது கிழமை மார்கிரட் மறுபடி கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தாள். ஒரு நாளைக்குப் பதினாறு கிலோ எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். அரைப் பேர் என்றால் நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதி நாள் சம்பளம்தான் கணக்கு. நாகலெட்சுமிக்கு அந்த மாதம் ஒன்பது அரைப் பேர் விழுந்திருந்தது. வயசு போய்விட்டது, கை ஓடவில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

நாலாம் நாள் மத்தியான நிறுவையில்தான் அது நடந்தது. மார்கிரட் தன் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டத் தூக்கினாள். முள் பத்தில் நின்றது. அவளுடைய கை அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு அறுபது தடவை அந்த இரும்பைத் தூக்குகிற கை. சாக்கு அதைவிடப் பாரமாக இருந்தது. பின்னால் நின்ற நாகலெட்சுமியிடம் யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இது பன்னண்டுக்கு மேலக்கா. என் கைக்குத் தெரியும்."

நாகலெட்சுமி அவளைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள். அடுத்த நாள் காலையில் வந்து, "அந்தக் கேத்தலக் குடு," என்றாள். மார்கிரட் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

மத்தியானம் பெண்கள் வரிசையில் நிற்க, நாகலெட்சுமி சாக்குக்குள்ளிருந்து இரும்பை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். தராசுக்கென்றே செய்த மாதிரி கைப்பிடி கொக்கியில் உட்கார்ந்தது. முள் பத்தேகாலில் நின்றது. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு குணரத்தினம், பக்கத்து மலையில் நின்ற யாழ்ப்பாணத்துக்காரர், கொப்பியை மூடிக்கொண்டு வந்தார்.

"என்ன உது? ஆர் உதை இஞ்ச கொண்டுவந்தது?"

"பன்னண்டு கிலோ இரும்புங்க ஐயா. ஒங்க தராசு பத்தேகாலுங்குது."

"பன்னிரண்டு கிலோ எண்டு ஆர் சொன்னது?"

"எழுதியிருக்குங்களே."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். "பன்னிரண்டு எண்டுதான் கிடக்கு. பன்னிரண்டு என்ன? கிலோவோ, றாத்தலோ, சப்பாத்துச் சைஸோ?"

"சப்பாத்து போடுறவங்களத்தான் கேக்கணும் ஐயா," என்றாள் நாகலெட்சுமி, அவர் காலில் இருந்த பூட்ஸைப் பார்த்து. பெண்கள் தலையில் மாட்டியிருந்த கூடைகளைக் கழற்றி வழியில் வைத்தார்கள். அன்றைக்கு யாரும் அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. அடுத்த நாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போனார்கள், ஆனால் கொழுந்தில் கைவைக்கவில்லை.

தலைவர் சோலைமலைக்கு இப்போது அந்த இரும்பில் மரியாதை வந்துவிட்டது. அதே துவாயில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு தராசு தராசாகப் போனார். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைமடுவத்தில், அவர்களை நிறுக்கிற தராசில், கால் விட இரண்டு ஓட்டை வைத்த துணிப்பைக்குள் அதைப் போட்டுத் தொங்கவிட்டார்கள், பதினொன்றரை. வட்டகொடை ஸ்டேஷன் பக்கத்துக் கடை ஒன்றில் பன்னிரண்டரை. பழைய இரும்பு வாங்குகிறவனிடம் ஒன்பது. விற்கிறவன் தராசில் கூடியது, வாங்குகிறவன் தராசில் குறைந்தது. தலைவர் எல்லாவற்றையும் சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டு, பெண்களிடம் பன்னிரண்டரையை மட்டும் சொன்னார். மார்கிரட்டிடம் முழுவதையும் காட்டினார், அவளுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைத்த மாதிரி. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தராசு என்றால் பாரம் சொல்கிற சாமான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இரும்பு அவர் வீட்டிலேயே இருந்தது. காலையில் வாளியில் தண்ணீர் நிரப்பி வீசிப் பார்த்தாள். தண்ணீர் அவள் மேலும் கட்டில் மேலும் கொட்டியது. மூன்றாம் நாள் இடுப்பு பழையபடி இறுகத் தொடங்கியது.

ஈரத் துணியால் தரையைத் துடைக்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது. குவைத் அம்மா வாங்கியது ஒன்றல்ல, இரண்டு. இரண்டிலும் 12. ஒரு நாள் பின்னேரம் அந்த அம்மா குளியலறைத் தராசில் ஒன்றை வைத்தாள், எடுத்தாள், மற்றதை வைத்தாள், முகத்தைச் சுளித்தாள். அதைக் கொண்டுபோய்க் குப்பைப் பைகளோடு வெளியே வைத்தாள். தனக்குத் தர முடியுமா என்று மார்கிரட் கேட்டாள், அந்த அம்மா எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினாள். ஏன் வெளியே வைத்தாய் என்று மார்கிரட் கேட்கவில்லை. கைப்பிடியில் ஒரு கீறல் இருந்தது, அதற்காகவும் இருக்கலாம். பாரம் குறைந்ததற்காகவும் இருக்கலாம். கூடியதற்காகவும் இருக்கலாம்.

சாப்பிடும்போது றொனால்டிடம் சொன்னாள். அவன் பிசைந்த சோற்றை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"இத ஏன் இப்பச் சொல்ற?"

"இப்பத்தாங்க ஞாபகம் வந்துச்சு."

"வந்த ஞாபகத்தத் திரும்பிப் போகச் சொல்லு." கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு, "ஒங்கையி என்னா சொல்லுது?" என்று கேட்டான். பெட்டி திறந்த நாளிலிருந்து அந்த இரும்பைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கையிக்கி அந்த இரும்ப மட்டுந்தான் தெரியும். கிலோ தெரியாது."

"அப்ப சாக்கு பாரமா இருந்துச்சுன்ன?"

"இரும்ப விடப் பாரமா இருந்துச்சு. அது நெசம்."

"தராசுல?"

"தராசுல இரும்பு பத்தேகாலு. சாக்கு பத்து."

அவன் அதை விரலால் தட்டில் எழுதிப் பார்த்தான். அவளும் யோசித்தாள். அந்தத் தராசு இரும்பைச் சாக்கை விடக் கூடவே காட்டியிருக்கிறது. அப்படியென்றால் கை பிழையா? இல்லை, ஒரே தராசு ஒரு நாளைக்கு ஒன்று சொல்கிறதா? யோசிக்க யோசிக்க இரும்பும் சாக்கும் தராசும் தலைக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டன. றொனால்ட் கையைக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை தோட்டத்தை நடத்துகிற தொரை ஆள் விட்டுச் சொன்னார். ஸ்டோரில் தேயிலையைக் கொழும்புக்கு அனுப்ப நிறுக்கிற மேடைத் தராசு இருக்கிறது, வருஷா வருஷம் கொழும்பிலிருந்து வந்து முத்திரை வைத்துவிட்டுப் போகிற தராசு. அதில் நிறுப்போம். பன்னிரண்டு என்றால் மலைத் தராசை மாற்றி, இந்த மாதத்து அரைப் பேரையெல்லாம் முழுப் பேர் ஆக்குவது. இல்லையென்றால் வேலை செய்யாத மூன்று நாளும் எல்லோருக்கும் பேர் இல்லை, அரைப் பேர் அரைப் பேர்தான். கூட்டமாக வரக் கூடாது. ஒரு ஆள், இரும்போடு. தலைவர் தான் போவதாகச் சொன்னார். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "பொருளுக்குச் சொந்தக்காரி போகட்டும்," என்றார்கள். இரும்பு மறுபடி அவள் கைக்கு வந்தது. நான்கு நாளுக்குப் பிறகு தூக்கியபோது கூடப் பாரமாக இருந்தது. அதற்கும் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் அறுபது எழுபது பெண்கள் ஸ்டோருக்கு முன்னால் பாதையில் நின்றார்கள். பனி முழுதாக விலகவில்லை. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தத்தில் கால் நின்ற தரை அதிர்ந்தது. நாகலெட்சுமி வாசல் வரை கூட வந்தாள். மார்கிரட்டின் தலையில் போட்டிருந்த துண்டை இழுத்துச் சரி செய்தாள்.

"பயந்துக்கிட்டு நிக்காத. வீட்டுல தூக்குற மாதிரித் தூக்கி வையி. பன்னண்டு தானே?"

"தெரியலக்கா."

"வெளையாடாதடி."

"நெசமாத் தெரியலக்கா. அந்தம்மாகிட்ட ரெண்டு இருந்துச்சு. ரெண்டையும் நிறுத்துப் பாத்துட்டு இத மட்டும் குப்பையோட வெளிய வச்சிச்சு. ஏன்னு நா கேக்கல."

நாகலெட்சுமியின் கை துண்டிலேயே நின்றுவிட்டது. பின்னால் யாரோ, "என்னாக்கா, என்னா சொல்றா?" என்று கத்தினார்கள். நாகலெட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை.

"இத வேற யாருகிட்ட சொன்ன?"

"அவருகிட்ட மட்டும்."

நாகலெட்சுமி இரும்பைப் பார்த்தாள். அவள் கண் அந்த எண்ணில் நின்றது, பிறகு மார்கிரட்டின் முகத்துக்கு வந்தது. திட்டப் போகிறாள் என்று மார்கிரட் நினைத்தாள். திட்டினால் நல்லது என்றும் நினைத்தாள். நாகலெட்சுமி திரும்பி, பாதையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி, "ஒன்னுமில்ல, கையி குளிருதாம்!" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள போ," என்றாள்.

வாட்சர் பெரிய கதவில் இருந்த சின்னக் கதவைத் திறந்தான். ஸ்டோரில் ஆள் நுழைந்தால் உடனே பூட்டுவது வழக்கம், தேயிலை வெளியே போய்விடும் என்று. மார்கிரட் இரும்பை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே காலெடுத்து வைத்தாள். சூடான தேயிலை மணம் முகத்தில் அடித்தது. தூரத்தில், வரிசையாக அடுக்கிய பெட்டிகளுக்கு அப்பால், மேடைத் தராசுக்குப் பக்கத்தில் தொரையும் குணரத்தினமும் நின்றார்கள். வெளியே யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாகலெட்சுமியின் குரலா என்று அவள் திரும்புவதற்குள் வாட்சர் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்து, சாவியை இரண்டு தடவை திருப்பினான்.