ஊசி நுனியும் ஐந்து சொம்பும்

மாதனூர்ப் பக்கத்து அந்த ஷூ கம்பெனியில் ஊசிக்கு இருக்கும் மரியாதை மனுஷருக்குக் கிடையாது. தையல் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால் லைனே நிற்க வேண்டும். துண்டுகள் எல்லாம் கிடைக்கும்வரை யாரும் இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. கிடைத்ததை ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, எங்கே கிடைத்தது, யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடல் தாண்டி எந்தக் குழந்தையின் காலிலும் நம் ஊசி குத்திவிடக் கூடாதாம். நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றார்கள்.

கிறிஸ்டினா அந்த ரெஜிஸ்டரில் ஏற்கெனவே ஏறியவள். போன மாதம் அவள் ஊசியின் ஒரு துண்டு கிடைக்கவே இல்லை. அட்மின் மேனேஜர் ஆதிகேசவன் மெமோவை நீட்டி, “கையெழுத்துப் போடும்மா, போட்டாத்தான் லைன் ஓடும். இன்னொரு தடவ ஆச்சுன்னா வேலை இல்ல” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் அவள் ஒருத்திதான்.

வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் சார்பில் மனோரமா மேடம் ஆடிட்டுக்கு வந்திருந்த அன்றைக்குப் பார்த்து அவள் ஊசி மறுபடி உடைந்தது. மேல்பாதி மெஷினிலேயே நின்றது. நுனியைக் காணோம்.

லைனில் இருந்த நாற்பது பேரும் அப்படி அப்படியே நின்றார்கள். ஆதிகேசவன் மட்டும் தடதடவென்று உள்ளே வந்து அவள் மெஷினை மூன்று சுற்றுச் சுற்றினார். விதி போட்டவருக்கு விதி ஏது.

“இன்னாம்மா, வேணும்னே பண்றியா? மேடம் வந்த அன்னிக்குத்தான் உனக்கு ஒடியுமா?”

ஊசிக்கு ஆடிட் தேதி தெரியாது சார் என்று நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அவள் தைத்த தோல்கள் எல்லாம் மெட்டல் டிடெக்டரில் போயின. சத்தமில்லை. ஏப்ரன் போயிற்று, செருப்பு போயிற்று, சத்தமில்லை. கடைசியில் மெஷின் ஓரம் இருந்த அவளுடைய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை ஆதிகேசவனே எடுத்து வைத்தார். டிடெக்டர் அலறியது.

“பாத்தீங்களா மேடம், பாட்டில்ல போட்டு ஒளிச்சிருக்கா” என்றார், திருடனைப் பிடித்த தோரணையில்.

மனோரமா தண்ணீரை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டச் சொன்னார். ஊசி இல்லை. கறுப்பும் செங்கல் நிறமுமாக இரும்புச் செதில்கள் துணியில் தங்கின.

“இது எந்தத் தண்ணிம்மா?”

“கம்பெனி டேங்க் தண்ணிதான் மேடம். வூட்லேர்ந்து தண்ணி எடுத்துணு வரக் கூடாது, ஆடிட்ல பேர் கெட்டுப் போய்டும்னு சார் சொல்லிட்டாரு.”

அந்த டேங்கின் கதை ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. செப்புப் பாத்திரத்துத் தண்ணீர் குடித்தால் சர்க்கரையிலிருந்து சனி தோஷம் வரை ஓடிப்போகும் என்று ஆதிகேசவனுக்கு வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. வாலாஜாபேட்டையில் ஐந்து செப்புச் சொம்பு வாங்கி, கழுத்தில் பூச்சுற்றி, கற்பூரம் காட்டி, டேங்குக்குள் இறக்கினார். ‘ஆரோக்கிய நீர்’ என்று போர்டும் மாட்டினார். மெக்கானிக் துரைசாமி அப்போதே தலையைச் சொறிந்தார்.

“சார், டேங்க் இரும்பு. மேலதான் துத்தநாகப் பூச்சு. நம்ம போர் தண்ணியில உப்பு வேற ஜாஸ்தி. செம்ப உள்ள போட்டா அது டேங்கத் தின்னுடும் சார்.”

“நீ ஐ.டி.ஐ., நான் எம்.பி.ஏ.” என்றார் ஆதிகேசவன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள். பொங்கலுக்குள் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியின் ருசி வந்துவிட்டது.

இப்போது மனோரமா எல்லா பாட்டில்களையும் டிடெக்டரில் விடச் சொன்னார். நாற்பதில் முப்பத்தொன்று அலறின. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. கடைசியாக ஆதிகேசவனின் கேபினிலிருந்து அவருடைய பாட்டிலையும் வரவழைத்தார். அது மட்டும் சமர்த்தாகப் போய் வந்தது. கடையில் வாங்கிய கேன் தண்ணீர்.

கிறிஸ்டினாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து ஆறு மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு தைத்த கோபம்.

“தண்ணிய அப்புறம் பாத்துக்கலாம் மேடம்” என்றார் ஆதிகேசவன். “ஊசி நுனி இன்னும் கெடைக்கல. அதுக்கு இவதான் பொறுப்பு.”

தரையைக் காந்தக் கோலால் துழாவிக்கொண்டிருந்த துரைசாமி அவர் காலடியில் வந்து நின்றார். “சார், கொஞ்சம் கால தூக்குங்க.”

தூக்கினார். ஷூவின் அடியில் நுனி பத்திரமாகக் குத்தியிருந்தது.

ஊசி யார் மெஷினுடையதோ அவர்தான் எழுத வேண்டும் என்பது விதி. கிறிஸ்டினா நுனியை ஒட்டினாள். கிடைத்த இடம்: ஆதிகேசவன் சார் ஷூ. அதற்குக் கீழே, யாரும் சொல்லாமலே, துணியிலிருந்து ஒரு துருச் செதிலைக் கிள்ளி எடுத்து அதையும் ஒட்டினாள். கிடைத்த இடம்: நாங்கள் குடிக்கும் தண்ணீர். பொறுப்பு: ஆதிகேசவன், எம்.பி.ஏ.

ஆதிகேசவன் மனோரமாவைப் பார்த்தார். மேடமோ தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்டினா ரெஜிஸ்டரை நீட்டினாள்.

“கையெழுத்துப் போடுங்க சார். போட்டாத்தான் லைன் ஓடும்.”