எட்டு மணி ஓட்டம்

கணவரின் நெற்றியில் காய்ந்திருந்த உப்பை ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள் மனைவி. கடலையே குடித்துவிட்டு வந்து படுத்தவர் போல, துடைக்கத் துடைக்க வெள்ளையாகப் பூத்தது. மின்விசிறி அனலை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் தண்ணீருக்கடியில் நடப்பவர்கள் போல மிதந்து போனார்கள்.

ஆலையில் சங்கு ஊதியவர் அவர். அவர் ஊதாமல் ஊரில் சேவல்கூட வாய் திறக்காது. ஓய்வு பெற்ற பிறகும் எட்டு மணிச் சங்கு உடம்புக்குள் ஊதிக்கொண்டேயிருந்தது. கூடத்துக் கடிகாரம் எட்டைத் தொட்டால் ஓடக் கிளம்பிவிடுவார், காக்கை பறக்கையிலேயே வறுபட்டு விழுகிற கோடையிலும்.

"வெயிலக் கேட்டுக்கிட்டா சங்கு ஊதுவாங்க?" என்பார்.

சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவள், இந்தக் கோடையில் ஒரு காரியம் செய்தாள். அவர் தூங்கியதும் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளுவாள். ஓடிவிட்டு வந்து அவர் குளிக்கையில் பழையபடி திருப்பிவிடுவாள். ஊருக்கே நேரம் சொன்ன மனிதர் மங்கலான வானத்தைப் பார்த்து, "எட்டாச்சு, இன்னும் சோம்பல் முறிக்கிறான். சூரியனுக்குச் சம்பளம் பத்தல போல" என்று சொல்லிவிட்டு, குளிர்ந்த தெருவில் ஓடுவார்.

நேற்றிரவு மகள் வந்தாள். இன்று விடியுமுன்னே மகளுக்கு மீன் வாங்கச் சந்தைக்குப் போன மனைவி, கூடை கனக்கத் திரும்பியபோது மகள்தான் கதவைத் திறந்தாள்.

"அம்மா, கடிகாரம் கண்டபடி ஓடுது. ராத்திரியே சரி பண்ணிட்டேன். அப்பா எட்டு மணிக்கு ஓடப் போனாரு, இன்னும் திரும்பல."

தெரு அதற்குள் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கூடையைப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, மூடிய கடையொன்றின் நிழலுக்கு இரண்டடி இப்பால் அவர் கிடந்தார்.

இப்போது பால்காரர் தலைமாட்டில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"நான் பால் ஊத்த வர்றப்பவே ஓடி முடிச்சுத் திரும்பிடுவாரே. இன்னைக்கு மட்டும் ஏன் அண்ணி இவ்வளவு நேரங்கழிச்சு?"

மகளின் கண்கள் மெல்லக் கடிகாரத்தை நோக்கி ஏறின. எதையோ கூட்டிப் பார்ப்பது போல உதடு அசைந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"நான்தான்" என்றாள் சட்டென்று. "தெனம் சீக்கிரமே எழுப்பி அனுப்பிடுவேன். இன்னைக்கு மீன் வாங்குற அவசரத்துல எழுப்பாம போயிட்டேன்."

மகள் திரும்பினாள்.

"ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதாம்மா?"

"குடுத்திருக்கலாம்."

"எழுப்பலேன்னா எட்டு மணிக்குத்தான் கெளம்புவாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"மீனு எனக்கு எதுக்கும்மா?"

மகள் எழுந்து, அப்பாவின் மறுபக்கம் போய், அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கடிகாரத்தை அவள் அப்புறம் பார்க்கவேயில்லை. மனைவி துண்டைப் பிழிந்தாள்.

வண்டி வந்தபோதும் வெயில் இறங்கவில்லை. வாசலில் தார் களிபோல இளகிக் கிடந்தது. அதில் காலையில் பதிந்த ஷூத் தடங்கள் வரிசையாகத் தெருமுனை நோக்கிப் போயிருந்தன, போனவை மட்டும். மகள் குந்தி உட்கார்ந்து ஒரு தடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

மனைவி உள்ளே போய்க் குடையை எடுத்துவந்து, மகளின் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தாள். மகள் நிமிரவில்லை. குடையின் நிழல் ஒருத்திக்குத்தான் போதுமானதாக இருந்தது.