யோனா கீரை தின்ன வேண்டும்

கொய்யாத் துண்டை யோனா மூக்கால் வாங்கி, ஒரு கணம் வைத்திருந்து, கூண்டுக்கு வெளியே போட்டது. சாராள் குனிந்து எடுத்தாள். காலையிலிருந்து இதே வேலை. கேரட், ஊறவைத்த கம்பு, முருங்கைக்கீரை என்று எல்லாம் பின்கட்டுத் தரையில் சிதறிக் கிடந்தன. நேற்றும் ஒரு வாய் உள்ளே போகவில்லை. கிளி இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடி மூடித் திறந்தது.

பழி முழுக்க வறுகடலைமேல்தான். அவள் கணவர் தேவானந்தத்தைக் காசநோய் என்று சானடோரியத்தில் சேர்த்ததிலிருந்து, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய ஓட்டத்தில், ஒரு கை கடலையைக் கூண்டில் போட்டுவிட்டுப் போவது சாராளுக்கு வசதியாக இருந்தது. கிளி ஊதிப்போய், கூண்டுக்குள் ஏறி இறங்கவே மூச்சு வாங்கியது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, ஈரலில் கொழுப்பு என்றார். "கடலை இனிமே ஒண்ணுகூட கூடாதும்மா. கீரை, பழம், தானியம்னு கலந்து குடுங்க. அதுக்காகப் பட்டினி மட்டும் போட்டுடாதீங்க. இந்த உடம்பு தாங்காது."

கொடுத்தாலும் ஆபத்து, கொடுக்காவிட்டாலும் ஆபத்து. பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "பசி வந்தா பத்தும் பறந்துபூடும் டீச்சரம்மா. வுடு, தன்னால துன்னும்" என்றாள். யோனாவுக்குப் பத்தில் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்குச் சானடோரியம் போனாள். வேப்பமரத்தடி பெஞ்சில் தேவானந்தம் ஒரு கோடியில், அவள் மறுகோடியில். அவருக்குக் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

"யோனா எப்படி இருக்கான்?"

தன் உடம்பைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. வந்தால் இந்தக் கேள்விதான் முதலில். அந்தக் கிளியைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் முகம் பழைய முகமாக இருந்தது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனிதரிடம் என்ன சொல்வது? நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"நல்லா இருக்கான். இப்பல்லாம் கீரை, கேரட் எல்லாம் திங்கறான்."

"கீரையா?" அவர் சிரித்தார். "புதுசா எதைக் குடுத்தாலும் நான் ஜெபம் பண்ணி, ஒரு வாய் தின்னு காட்டினாத்தானே வாயில வைப்பான். ஆமென் சொல்றவரைக்கும் கால்ல பிடிச்சுக்கிட்டு நிப்பான். அப்ப நீ தினமும் டேபிள்ல உக்காந்து ஜெபம் பண்றேன்னு சொல்லு."

"பண்றேன்" என்றாள். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணை.

அவளுக்குத் தெரியாத சங்கதி அல்ல இது. மறக்க வேண்டும் என்று நினைத்ததோடு சேர்த்து இதையும் மறந்திருந்தாள். நோய் தெரிந்த அன்றைக்கு அவர் ஜெபத்தை முடித்து ஆமென் சொன்ன அடுத்த மூச்சில் இருமினார். சோற்றின்மேல் ரத்தம். அதன்பிறகு டேபிளைப் பினாயில் ஊற்றிக் கழுவிச் சுவரோரம் தள்ளினாள். கிளிக்கூண்டும் பின்கட்டுக்குப் போயிற்று. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள், வாயை அசைத்தாள், வந்தாள். மற்றபடி ஆண்டவரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் டேபிளை இழுத்து நடுவில் போட்டாள். தட்டில் பச்சைக் கீரையையும் கேரட்டையும் வைத்து, கிளியைத் தூக்கி டேபிள்மேல் விட்டாள். நின்றபடியே ஒரு கீரையைக் கடித்து, "ஆமென்" என்றாள். யோனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளியை ஏமாற்றப் பார்த்ததில் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

தட்டோடு போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளி மெல்ல நடந்து தட்டருகே வந்தது. அவள் கைகளைக் கூப்பினாள்.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்." அதற்குமேல் அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் வரவில்லை. "எனக்கு உம்மேல கோபம். அது உமக்குத் தெரியும். இதையாவது சாப்பிட வையும். அவரை வீட்டுக்கு அனுப்பும். ரெண்டையும் கேக்கறேன், ஒண்ணு போதும்னு சொல்லமாட்டேன்."

கண்ணைத் திறந்தாள். யோனா ஒரு கீரைக் காம்பைக் காலில் பிடித்து நின்றிருந்தது. மூக்குக்கு அருகே கொண்டுபோகவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தைதான் பாக்கி. அதைச் சொன்னால் அடுத்த மூச்சில் என்ன வருமோ. தாம்பரத்திலிருந்து பீச் போகும் ரயில் ஊதிக்கொண்டு போனது. கிளி ஒற்றைக்காலில் தள்ளாடியது. இலை நடுங்கியது, ஆனாலும் கீழே போடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.