ராசம்மாவின் கருவாட்டுப் பத்தியம்

"வீட்டுக்குப் போனதும் மறுபடி பத்தியத்த ஆரம்பிச்சிரணும் புள்ள," என்றாள் ராசம்மா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி. "பாதியிலே விட்டா உனக்குத்தானே கெட்ட பேரு."

வீங்கிய அவள் கால்களை ஜெயமணி போர்வையால் மூடினாள். அவற்றைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார அவளால் முடியவில்லை.

தீவில் அவர்கள் குடியிருக்கும் டெய்ரி ஃபார்ம் பகுதிக்கு இந்தப் பத்தியத்தைக் கொண்டுவந்தவளே ஜெயமணிதான். கப்பல் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு பெருத்து, சர்க்கரையும் ஏறியிருந்தது. அப்போது போன் வீடியோவில், கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் இருக்கும் டாக்டர் ஒருவர் பேசக் கேட்டாள். சோறு, இட்லி, காய், பழம் எதுவும் வேண்டாம். கறி, மீன், முட்டை போதும் என்றார். அப்படியே செய்தாள். சர்க்கரை இறங்கியது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான், தெருவில் அவளுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

"அரிசிதான் நம்ம எல்லாருக்கும் துஷ்மன், எதிரி," என்று தண்ணீர்க் குழாயடியில் நின்று சொல்வாள். "சச்சி, நெசமாச் சொல்றேன், விட்டுப் பாருங்க."

சோற்றை விடச் சொன்னதும் மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். ராசம்மா ஒருத்திதான் நம்பினாள். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிக் காலம் தள்ளி, இப்போது மகன் அன்பழகனோடு அடுத்த வீட்டில் இருப்பவள். அவளுக்கும் சர்க்கரை இருந்தது, கூடவே ரத்த அழுத்தமும்.

"தினம் ஆட்டுக்கறி திங்க நமக்கு ஏலாது புள்ள."

"மீன் சாப்பிடுங்கக்கா. கப்பல் வராட்டி காய்கறிதான் வராது. மீனுக்கு என்ன பஞ்சம்?"

"இந்த மழையில படகே போகலியே."

"அப்ப கருவாடு சாப்பிடுங்க. அதுவும் மாமிசம்தானே? மாவுச்சத்து துளிகூடக் கிடையாது."

இப்படிச் சொன்னபோது உப்பைப் பற்றி ஜெயமணி ஒரு நொடியும் நினைக்கவில்லை. மாவு இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கப் பழகியிருந்தாள். ராசம்மாவோ காலையில் கருவாட்டு வறுவல், மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, ராத்திரி சுட்ட கருவாடு என்று இறங்கிவிட்டாள். தொட்டுக்கொள்கிற பொருளையே சோறாகத் தின்றாள். கடைசியில் மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளை அன்பழகன் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தான்.

"இவ்வளவு கருவாடு சாப்பிடச் சொன்னது யாரும்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"யாரும் சொல்லல சார். வாய் ருசிதான்," என்றாள் ராசம்மா. ஜெயமணியின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எங்கம்மா யாரு சொன்னாலும் கேக்காது," என்று அன்பழகன் ஜெயமணியிடம் வருத்தப்பட்டான். "நீங்க கூட இருக்கிறதே பெரிசுக்கா."

டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்ல ஜெயமணிக்கு நாக்கு எழவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்று அவள் நெஞ்சில் கிடந்தது. அவளே அந்தப் பத்தியத்தில் இப்போது இல்லை. வயிறு கல்லாகிப்போய், கெண்டைக்கால் இழுத்து, கவுன்டரில் தலைசுற்றி, ஆடி மாதத்திலேயே சோற்றுக்குத் திரும்பியிருந்தாள். வெளியே சொன்னால் மானம் போகுமென்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். "எதுக்கு இந்தத் திருட்டு வேலை?" என்று கேட்ட புருஷன் பிரேமின் வாயையும் அடைத்துவிட்டாள்.

வார்டில் சாப்பாட்டு வண்டி வந்தது. சோறு, உப்புக் குறைந்த பருப்பு, சுரைக்காய். ராசம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு மாவு வேண்டாம்."

"டாக்டர் சாப்பிடச் சொன்னாரேக்கா."

"நீ விட்டியா? எத்தன பேரு கேலி பண்ணினாங்க, நீ விட்டியா? நான் மட்டும் விட்டுருவேனா?"

"ஒரு வாய் சாப்பிடுங்க. வேணும்னா நானும் சாப்பிடுறேன்." ஜெயமணி பருப்பைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டாள்.

ராசம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "அடிப் பாவி! எனக்காக உன் விரதத்தக் கெடுத்துக்கிட்டியே. கூடப் பிறந்தவகூட இப்பிடிச் செய்ய மாட்டா."

ஜெயமணி கவளத்தை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால் ராசம்மா வீட்டுக்குப் போய் மறுபடி கருவாட்டைச் சட்டியில் போடுவாள். அடுத்த முறை ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர்வாளோ என்னவோ.

"கெடுக்கலக்கா," என்றாள் ஜெயமணி. "நான் அத எப்பவோ விட்டுட்டேன். ஆடியிலிருந்து சோறுதான் திங்கிறேன்."

"வெளையாடாத புள்ள."

"சத்தியமாக்கா. எனக்கே ஒத்துக்கல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ராசம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆவணியில ஒரு நா எங்கூட்டு அடுப்படிக்கு வந்து, என் கருவாட்டுச் சட்டிய மோந்து பாத்து, 'சபாஷ் அக்கா, இப்பிடித்தான் இருக்கணும்'னியே. அன்னிக்குமா?"

"ஆமாக்கா."

"தின்னுட்டா வந்த?"

"ஆமா."

"என்ன கொழம்பு?"

ஜெயமணி தலைகுனிந்தாள். பொய் சொல்ல இனி தெம்பில்லை. "முருங்கைக்காய் சாம்பார்."

பக்கத்துக் கட்டில்காரி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ராசம்மா சிரிக்கவில்லை.

"கருவாடு திங்கச் சொன்னது நான்தான்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்திடறேன்க்கா. அன்பழகன்கிட்டயும் சொல்றேன்."

"சொல்லு. எனக்காகச் சொல்ல வேணாம், டாக்டருங்க வைத்தியம் பாக்கணும்ல, அதுக்குச் சொல்லு."

ராசம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஜெயமணி கைவைத்திருந்த இடத்தை விரலால் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதிச் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"தண்ணி எடுத்துத் தரட்டாக்கா?"

"அன்பழகன் வருவான்."

கையில் ஒட்டிய பருப்போடு ஜெயமணி எழுந்து, டாக்டர் அறையைத் தேடிப் போனாள்.