பதினொரு வீட்டுச் சாமான்

வாசலுக்கு நேரே, சுவரோரமாக, இரண்டு கதவுள்ள பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று நின்றது. அந்தச் சுவரில் பிளக் இல்லை. எந்தச் சுவரிலும் இல்லை. கூரைச் சலாகையில் சுற்றித் தொங்கவிட்டிருந்த ஒற்றை பல்புதான் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த மின்சாரம் முழுவதும்.

சிறுவர் பராமரிப்பு அலுவலகத்திலிருந்து வந்திருந்த நிவேதிகா கதிரையில் இருந்தபடியே கண்ணை ஓட்டினாள். ஒரே அறை, முன்னால் தகரம் வேய்ந்த தாழ்வாரப் பத்தி, அவ்வளவுதான் வீடு. அந்த அறைக்குள் ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி வைத்த அலுமாரி, பொலித்தீன் உறை கழற்றாத மெத்தையோடு ஒரு கட்டில், படிக்கிற மேசை, மின்விசிறி, ஆறு பிளாஸ்டிக் கதிரை. நடக்க வழியில்லை. கதிரைகளின் முதுகில் மீனவர் சங்கத்தின் பெயரைச் சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள். எழுத்துத் தெரியாதபடி முதுகுகளைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தாலும், நிவேதிகா தன் கதிரையை இழுத்துப் போட்டபோது அது தெரிந்துவிட்டது.

"அலுமாரியத் திறந்து காட்டுவீங்களோ?" என்று கேட்டாள். பிள்ளையின் உடுப்பு வைக்கத் தனி இடம் உண்டா என்பது படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி.

வீட்டுக்காரி சுஹைரா தலைச்சீலையை இழுத்துவிட்டாள். "சாவி... எங்கயோ வெச்சிட்டன் மிஸ்."

"சாவி முனீப்ட பொண்டாட்டிட்ட இரிக்கி புள்ள!" வேலிக்கு அப்பால் இருந்து ஒரு குரல் உதவிக்கு வந்தது. "அவ இன்னும் தரல்லையா?"

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்து வீட்டுப் பரீனாவுக்குத் தான் செய்த காரியம் விளங்கியது. வேலிக்கு மேலே தெரிந்த தலை சடாரென்று கீழே போனது.

சிரித்துவிடக்கூடாது என்று நிவேதிகா குனிந்து கோப்பைப் பார்த்தாள். கோப்பில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. சுஹைரா, வயது முப்பத்திரண்டு. கணவன் விட்டுப்போனவன். பிள்ளையைத் தன் தாயிடம் விட்டு வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். போன முதல் வருடமே தாய் மௌத்தாகிவிட்டார். பார்க்க ஆளில்லாத பிள்ளை என்று அம்ராவை நீதிமன்றம் ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்த்தது. அப்போது அம்ராவுக்கு ஆறு வயது. இப்போது ஒன்பது. சுஹைரா திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. மீன் வெட்டிக் காயவைக்கும் கருவாட்டு வாடியில் வேலை, வீட்டில் தையல். பிள்ளையைத் தா என்று இரண்டு முறை மனுக் கொடுத்தாள். இரண்டு முறையும் முன்னைய உத்தியோகத்தர் வந்து பார்த்து, ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருந்தார்: தளபாட வசதி போதாது, பிள்ளையை ஒப்படைக்கப் பொருத்தமற்ற வீடு.

மூன்றாவது முறைக்கு நிவேதிகா வந்திருந்தாள். வரும் திகதியை அலுவலகம் பத்து நாளுக்கு முன்பே கடிதத்தில் அறிவித்துவிட்டது. அதுதான் வழக்கம். திங்கட்கிழமை வழக்கு. அவள் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் அம்ரா எங்கே வளர்வாள் என்பது முடிவாகும்.

"சுஹைரா, இந்தச் சாமான் எல்லாம் உங்கட தானோ?"

சுஹைரா தலையைக் குனிந்தாள். அழப்போகிறாள் என்று நிவேதிகா நினைத்தாள். சுஹைரா அழவில்லை. எழுந்து நின்றாள்.

"இல்ல. எல்லாம் இரவல். எழுதுங்க. போன தரம் வந்தவர் மெத்த இல்லண்டு எழுதினார். அதுக்கு முந்தி விசிறி இல்லண்டு எழுதினார். இப்ப எல்லாம் இரிக்கி, பாத்துக்கங்க. நான் இரவல் வாங்கின சாமான பின்னேரமே திருப்பிக் குடுத்திருவன் மிஸ். என்ட புள்ளைய வாங்கி வெச்சிரிக்கிறவங்க மூணு வருஷமாத் தாராங்க இல்லயே, அத எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?"

நிவேதிகா படிவத்தை மூடினாள். நாலு வருடம் சமூகப் பணி படித்தவள் அவள். வீட்டுக்குப் போனால் முதலில் கேள், பிறகு பார், கடைசியாக எழுது என்று படித்திருந்தாள். அலுவலகத்துக்கு வந்த பிறகு அது தலைகீழாகிவிட்டது. முதலில் எழுது, எழுதியதைப் பார், கேட்க நேரமிருந்தால் கேள்.

கதிரையை விட்டு இறங்கிப் பாயில் இருந்தாள். கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் ஒரு வட்டம் போட்டாள். உள்ளே சுஹைரா, அம்ரா என்று எழுதினாள்.

"ஃபிரிட்ஜ் ஆர் தந்தது?"

"ஆதம்பாவா காக்கா. ஐஸ்கிறீம் கடைல இரிந்தத லேண்ட்மாஸ்டர்ல ஏத்திக் கொண்டந்தார்."

"கடைக்கு?"

"இண்டைக்குக் கட பூட்டு."

நிவேதிகா தாளிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு ஒரு கோடு கீறி, நுனியில் ஆதம்பாவா என்று எழுதினாள். மின்விசிறி பரீனா ராத்தாவுடையது. சுஹைரா வாடிக்கு வராத நாட்களில் அவளது பங்கு மீனையும் பரீனாதான் வெட்டுவாள். அலுமாரி முனீபின் மனைவியுடையது. கலியாணமாகி ஒரு மாதம்தான், சீதனமாக வந்த அலுமாரி. நாலு பேர் தூக்கி வந்திருக்கிறார்கள். மேசை ஹுஸ்னியா டீச்சருடையது. அம்ரா வந்தால் பின்னேரம் பாடம் சொல்லிக் கொடுப்பதாக டீச்சரே வாயால் சொன்னாராம். கோடுகள் கூடிக்கொண்டே போயின. சில கோடுகள் தடிப்பானவை, சில மெல்லியவை. கட்டில் கொடுத்த வீட்டோடு சுஹைராவுக்குப் போன வருடம் வேலிச் சண்டை, அதனால் அந்தக் கோட்டில் ஒரு முறிவு. முடிவில் எண்ணிப் பார்த்தால் பதினொரு வீடு.

இதற்குள் பரீனா வேலியைச் சுற்றி வந்து பத்தியில் குந்திவிட்டாள்.

"மிஸ் எந்த ஊர்?"

"பாலையூற்று."

"அங்கயும் புள்ள பெத்தவள்ட ஃபிரிட்ஜ எண்ணுவாங்களா?"

"அங்கயும் எண்ணுறதுதான்."

"அப்ப சரி. எங்களுக்கு மட்டும்தானோண்டு பாத்தன்."

நிவேதிகா தாளைச் சுஹைராவின் பக்கம் திருப்பி வைத்தாள். "இத அறிக்கையோட சேக்கலாம் எண்டு நினைக்கிறன். சேர்த்தா, எல்லாம் இரவல் எண்டு நீதவானுக்குத் தெரியவரும். பொய் காட்டினவ எண்டு யோசிக்கவும் கூடும். சேக்காம விட்டாலும், இது உங்கட சாமான் எண்டு எனக்கு எழுத ஏலாது, ஆர் தந்தது எண்டு இல்லாம வெறும் இரவல் எண்டு மட்டும் எழுத வேண்டி வரும். ரெண்டிலயும் ஆபத்து இருக்கு. உங்கட கதை, நீங்கதான் சொல்லோணும்."

சுஹைரா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டுப் போனாள்.

"பேரெல்லாம் போடுவீங்களா?"

"அவங்க சம்மதிச்சாத்தான்."

"என்ட பேர முதலாவதா போடுங்க" என்றாள் பரீனா. "விசிறி தந்த நான்தான் முதல்."

"போடுங்க மிஸ்" என்றாள் சுஹைரா. "முறிஞ்ச கோட்டையும் விடாமப் போடுங்க."

அன்று மாலை வரை நிவேதிகா வீடு வீடாக ஏறி இறங்கினாள். பதினொரு பேரும் சம்மதித்தார்கள். கட்டில்காரி மட்டும், "சண்ட சண்டதான், புள்ள புள்ளதான்" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் கீறல் விழாமல் திரும்பி வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் அலுவலகத்தில், மேலதிகாரி பாக்கியரத்தினம் அறிக்கையை வாசித்தார். துறைமுகத்தைப் பார்த்த யன்னல் அவருடையது. வெளியே ஒரு கப்பல் நங்கூரமிட்டிருந்தது. அவர் அதையும் அறிக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? சிலந்திவலை கீறி வச்சிருக்கிறீங்கள்."

"குடும்பத்தைச் சுத்தி ஆரார் நிக்கினம் எண்டு காட்டுற படம் சேர். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா ஆர் வருவினம், தாய் வேலைக்குப் போனா ஆர் பாப்பினம் எண்டு இதில தெரியும்."

"அவ உங்களை ஏமாத்தினவ. அதுதான் இதில தெரியுது. பொருத்தமற்ற வீடு எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ, முடிஞ்சுது."

"ஏமாத்தத்தான் பாத்தவ. அதையும் எழுதியிருக்கிறன், ரெண்டாம் பந்தியில. ஆனா ஒரு நாளைக்குக் கடையப் பூட்டி ஃபிரிட்ஜ் தாற ஊர் எத்தின பேருக்கு இருக்கு சேர்? எனக்கு இல்ல. என்ர வீட்டுக்கு ஆள் வந்து பாத்தா, பக்கத்து வீட்டில ஒரு கதிரை கேக்கக்கூட எனக்கு முகம் இல்ல."

பாக்கியரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "நாங்கள் இருபத்தாறு வருசமாச் சேவை செய்யிறம். இந்த வட்டம், கோடு ஒண்டும் படிக்கேல்ல. சேவைக்கு மனசு இருந்தாக் காணும்."

"எனக்கு இது சேவை இல்ல சேர், வேலை. மனசு அந்த ஊரில எல்லாருக்கும் இருக்கு. மனசு காணுமெண்டா எங்களுக்கு ஏன் சம்பளம் தருகினம்?"

அடுத்த மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. பாக்கியரத்தினம் கத்தப்போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குத் தெரியாது. பதினாலு வருசத்துக்கு முன்னம் ஒரு பிள்ளையைத் தகப்பனிட்ட அனுப்பச் சொல்லிக் கையெழுத்து வச்சனான். மூண்டு மாசத்தில பிள்ளையைக் கை முறிஞ்சு ஆசுப்பத்திரியில போய்ப் பாத்தன். அண்டையில இருந்து படிவத்தில ஒரு இல்லை விழுந்தாலும் நான் அனுப்புறேல்ல."

நிவேதிகா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கேட்பதா விடுவதா என்று யோசித்து, கேட்டாள்.

"அந்த வீட்டில என்ன குறை இருந்தது சேர்?"

"ஒண்டும் இல்ல."

"கட்டில், மெத்தை?"

"எல்லாம் இருந்தது." சொல்லிவிட்டு அவர் கப்பலைப் பார்த்தார்.

"அப்ப படிவம் அந்தப் பிள்ளையைக் காப்பாத்தேல்ல."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "உங்கட நிரந்தர நியமனம் இன்னும் வரேல்ல. அதையும் யோசியுங்கோ."

"யோசிச்சனான். அறிக்கையை மாத்தி என்ர கையெழுத்தை வைக்க ஏலாது. நீங்கள் உடன்படேல்ல எண்டு நீங்களே எழுதிச் சேருங்கோ. நான் தடுக்கமாட்டன்."

அவர் எழுதிச் சேர்த்தார். மேற்பார்வையாளர் இந்த அறிக்கையின் முடிவோடு உடன்படவில்லை. கீழே கையெழுத்து, முத்திரை, திகதி.

திங்கட்கிழமை நீதவானின் அறையில் பிள்ளைகளின் வழக்குகள் மட்டும் எடுக்கப்பட்டன. நீதவான் ஒரு பெண். அறிக்கையையும் மேற்பார்வையாளரின் குறிப்பையும் அருகருகே வைத்து வாசித்தார். படத்தைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த முறிஞ்ச கோடு என்ன?"

"வேலிச் சண்டை, மெடம்" என்றாள் நிவேதிகா. "அந்த வீடுதான் கட்டில் குடுத்தது."

நீதவானின் வாயோரம் அசைந்து அடங்கியது. பிறகு அவர் பாக்கியரத்தினத்தின் குறிப்பைத் தொட்டுக் காட்டினார். "உங்கட மேலதிகாரி உடன்படேல்ல. அனுபவம் உள்ளவர். நான் உங்கட பேச்சைக் கேட்டுப் பிள்ளையை அனுப்பி, நாளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு?"

இந்தக் கேள்வி வரும் என்று நிவேதிகாவுக்குத் தெரியும். பாலையூற்றிலிருந்து ஸ்கூட்டியில் வரும் வழியெல்லாம் பதிலைச் சொல்லிப் பார்த்திருந்தாள். நான் பொறுப்பு. இரண்டே சொல். எழுந்து நின்று வாயைத் திறந்தாள்.

"நான்" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது.

சுஹைரா எழுந்து நின்றிருந்தாள். நீதிமன்ற உத்தியோகத்தரான முதலியார் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை.

"மிஸ் எப்பிடி மெடம் பொறுப்பாகும்? மிஸ் எழுதிட்டு வேற வீட்டுக்குப் போற ஆள். சேர் பென்சன் எடுத்திட்டுப் போயிருவார். புள்ள விழுந்தாத் தூக்கிற நான். காய்ச்சல் எண்டா ஆசுப்பத்திரில நிக்கிற நான். எல்லாரும் என்ட புள்ளைக்குப் பொறுப்பு எடுக்காங்க, என்னட்ட மட்டும் ஒருத்தரும் கேக்கல்ல. நான்தான் உம்மா. என்ட பேர எழுதுங்க."

நிவேதிகாவின் முகம் சூடேறியது. உங்கட கதை, நீங்கதான் சொல்லோணும் என்று சுஹைராவிடம் சொன்னவள் அவள். கடைசிக் கேள்விக்கு, அந்தப் பெண்ணை முதுகுக்குப் பின்னால் இருத்திவிட்டுத் தானே பதில் சொல்லப் பார்த்திருக்கிறாள். சொல்ல வந்ததை விழுங்கினாள். தன் கதிரையைப் பின்னால் இழுத்து, சுஹைரா முன்னுக்கு வர வழிவிட்டு, இருந்தாள். பக்கத்தில் பாக்கியரத்தினம் தொண்டையைச் செருமினார்.

நீதவான் பேனையை எடுத்தார். கேள்விகள் எல்லாம் இப்போது சுஹைராவிடம் போயின. வாடிக்கு எத்தனை மணிக்குப் போவாய், பிள்ளை எங்கே தூங்கும், யார் அடித்தால் யாரிடம் சொல்லச் சொல்வாய். சுஹைரா ஒவ்வொன்றுக்கும் நின்றபடியே பதில் சொன்னாள். ஒரு கேள்விக்கு மட்டும், "அது தெரியா மெடம், புள்ளைட்டக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றாள். அந்தப் பதிலை நீதவான் சற்று நேரம் எடுத்து எழுதினார்.

கட்டளை சின்னதாகத்தான் வந்தது. மூன்று மாதத்துக்கு, வாரந்தோறும் வெள்ளி முதல் ஞாயிறு வரை அம்ரா தாயுடன் இருக்கலாம். உத்தியோகத்தர் அறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அதன்பிறகு முழுதாக ஒப்படைப்பது பற்றி நீதிமன்றம் தீர்மானிக்கும்.

முழு வெற்றி இல்லை. பாக்கியரத்தினம் கோப்பைக் கட்டத் தொடங்கினார். நிவேதிகா திரும்பிச் சுஹைராவைப் பார்த்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போகும் நேரம் அது. சுஹைரா அசையவில்லை.

"வெள்ளிக்கிழம எத்தின மணிக்கு மெடம்?"

"பாடசாலை விட்ட பிறகு."

"ஜும்ஆ நாள், பள்ளிக்கூடம் பதினொண்டரைக்கு விடும்" என்றாள் சுஹைரா. "நான் பத்து மணிக்கே வாசல்ல நிப்பன். ஞாயித்துக்கிழம எத்தின மணி வரைக்கும் எண்டும் எழுதித் தாங்க. அதுக்கு ஒரு நிமிசம் முந்திக் கேட்டாலும் குடுக்க மாட்டன்."