முதுகில் நீல வட்டம்

அக்காவை நாய் கடித்துவிட்டது என்று சேதி வந்ததும் ஊசி ஓட்டமும் நடையுமாக அவளுடைய தையல் கடைக்குப் போனான். தெருத்தெருவாக நாய்களைப் பிடித்து வெறிநோய்த் தடுப்பூசி போடுகிற குழுவில் ஏழு வருடமாக வேலை. அதனால் ஊருக்கே அவன் ‘ஊசி’; பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அழுதுகொண்டிருப்பாள், எப்படித் தேற்றுவது என்று வழியெல்லாம் யோசித்தபடி போனால், அவள் சாவகாசமாகச் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். இடது கையில் சுற்றியிருந்த லைனிங் துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

“என்னடா இப்படி மூச்சு வாங்குது? உன்னை எந்த நாய் துரத்துச்சு?”

“முதல்ல துணியை அவுருக்கா.”

நான்கு பல் பதிந்திருந்தது. இரண்டு நல்ல ஆழம். அவளைக் கடைக்குள்ளிருந்த குழாய்க்கு இழுத்துப் போய்ச் சோப்பைக் கையில் கொடுத்தான்.

“கால் மணி நேரம் கழுவு. அப்புறம் ஆஸ்பத்திரி.”

“ஆஸ்பத்திரியா? நம்ம கடை வாசல்ல படுக்கிற நாய்டா. முதுகுல நீலம் இருக்கு. ‘நீலம் இருந்தா நிம்மதி’ன்னு மைக்ல கத்தினது நீதானே?”

அவனேதான். ஊசி போட்ட நாயின் முதுகில் அடையாளத்துக்கு நீலச் சாயம் தடவுவார்கள். அந்த வாசகத்தை யோசித்துக் கண்டுபிடித்தவனும் அவன்தான். அதற்காக மேலதிகாரியிடம் கைகுலுக்கல்கூட வாங்கியிருக்கிறான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மைக் கிடையாது.

“நாய்க்குப் போட்டது நாய்க்கு. கடிபட்டா நாமளும் போட்டுக்கணும்க்கா.”

“அப்போ நீ போட்ட ஊசி மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?”

அளவு கொடுக்க வந்து உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். “அதானே?” என்றாள் ஒருத்தி. இல்லை என்றால் நாளைக்கு ஒரு வீட்டிலும் நாய்க்கு ஊசி போட விடமாட்டார்கள். இருக்கிறது என்றால் அக்கா எழுந்திருக்க மாட்டாள்.

“அந்த நோய் வந்துட்டா பிழைக்க வைக்க மருந்து கிடையாதுக்கா. வர்றதுக்கு முன்னாடி தடுத்தாத்தான் உண்டு.”

“தொப்புளைச் சுத்திப் பதினாலு குத்து குத்துவாங்க. யாரால ஆகும்?”

“அது அந்தக் காலம்! இப்போ கையில நாலு தவணை, இன்னிக்குக் காயத்தைச் சுத்தி ஒரு மருந்து. அவ்வளவுதான்.”

“சரி, நாளைக்குப் பார்ப்போம். எட்டுச் சட்டை பாக்கி கிடக்கு.”

கல்லில் நார் உரிக்கலாம். அவன் எரிச்சலோடு வாசலுக்கு வந்தான். அங்கே அத்தான் அந்த நாயைக் கயிறு போட்டு விளக்குக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார். எட்ட நின்று அதன் முதுகை உற்றுப் பார்த்தான்.

குழு இந்தத் தெருவுக்கு வந்து மூன்று வாரம். அவர்கள் சாயம் பத்து நாளில் போய்விடும். போதாததற்கு, துள்ளுகிற நாய்மேல் தடவுவது எப்போதும் கோணல்மாணலாகத்தான் விழும். இதுவோ நிலா மாதிரி வட்டம். ஓரம் பிசிறில்லை. பளபளப்பு வேறு. கடையின் ஷட்டரும் அதே நீலம். ஷட்டருக்கு அடித்தது அத்தான். வீடுகளுக்கு வண்ணம் அடிப்பதுதான் அவர் தொழில்.

“அத்தான், இந்த வட்டம் யார் வேலை? இவ்வளவு சுத்தமா எங்க ஆபீஸ்ல யாருக்கும் வராது.”

புகழ்ந்தால் அத்தானுக்குத் தலைகால் புரியாது. “டப்பா மூடியை வச்சு அளவெடுத்தது மாப்ள,” என்றவர், சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஏன் அத்தான்?”

“ஊசி போட்டா நாய் மந்தமாயிடும்னாங்க. கடைக்கு இதுதானே காவல்? அதான் உங்க ஆளுங்க வர்றதுக்கு முந்தின நாளே…”

“இது ஒண்ணுக்கு மட்டும்தானே?”

“தெருவுல நாலு பேர் கேட்டாங்க. முகத்தை முறிக்க முடியுமா?”

“எத்தனை நாய் அத்தான்?”

“டப்பா காலியாயிடுச்சு மாப்ள.”

அன்றைக்கு நீலம் தெரிந்த நாயையெல்லாம் கிட்டப் போய்ப் பார்க்காமலே ‘முந்தின குழு போட்டுவிட்டது’ என்று அவனே கணக்கில் சேர்த்து, நூற்றுக்கு எண்பது நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். கத்த வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

பின்னால் அக்கா, ஈரக் கை சொட்டச் சொட்ட நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“உங்களுக்கு அடிக்கச் சுவரே கிடைக்கலையா?” என்றாள் புருஷனிடம். பதிலுக்குக் காத்திராமல் மிஷினை மூடிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். ஏழு வருடப் பிரசாரத்தால் ஆகாதது ஒரு கோபத்தில் ஆகிவிட்டது. ஊசி பின்னாலேயே ஓடினான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் காயத்தைச் சுற்றி மருந்தை ஏற்றியபோது, அக்கா அவன் விரல்களை நொறுக்கிவிடுவதுபோலப் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்கவே வலிக்காதுன்னு ஊரெல்லாம் சொன்னியேடா, பாவி!”

“இதுவரைக்கும் எந்த நாயும் புகார் சொன்னதில்லக்கா.”

அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அவனுக்கும் கண் கலங்கியது. விரல் வலியாலும் இருக்கலாம்.

கதவோரம் நின்ற அத்தான் அவன் சட்டையை இழுத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“மாப்ள, அது… நேத்து என்னையும் லேசா. கடி இல்ல, பல்லு பட்டுக் கீறினதுதான். துளி ரத்தம்.”

“எப்போ?”

“வட்டம் மங்கிடுச்சேன்னு ரெண்டாவது கோட் அடிக்கும்போது.”

ஊசி அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அவர் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, அவரை நர்ஸ் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தான்.