நல்ல சேதிக்குப் பிறகு

எங்கள் சான்சிபார் தீவில் கூரை பற்றி எரிந்தாலும் முதலில் நல்ல சேதி என்றுதான் சொல்ல வேண்டும். "என்ன சேதி?" என்றால் நல்ல சேதி. வீட்டுச் சேதி? நல்ல சேதி. வேலைச் சேதி? அதுவும் நல்ல சேதிதான். எல்லாவற்றையும் விசாரித்து முடித்து, ஒரு மூச்சு விட்ட பிறகு, "ஆனா..." என்று இழுத்து, அப்பா போய்விட்டார் என்று சொல்லலாம். எடுத்த எடுப்பில் புலம்புகிறவனை இங்கே யாரும் மதிப்பதில்லை.

போலந்திலிருந்து சுவாஹிலி படிக்க வந்த டோரொத்தாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும், பாவம். முதல் வாரம், வகுப்பு வாசலில் ஷினுனா டீச்சர் "என்ன சேதி?" என்றதும், "கெட்ட சேதி. தலை வலிக்குது" என்று பளிச்சென்று சொல்லிவிட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

திட்டு விழுந்தது ராயாவுக்கு. வெளிநாட்டாருக்கு சுவாஹிலி கற்றுக்கொடுக்கப் பயிற்சி எடுக்கும் ஆறு பேரில் அவளும் ஒருத்தி. ஆளுக்கொரு மாணவரை ஒப்படைத்திருந்தார்கள். மாணவர் கற்றுக்கொடுப்பவர் வீட்டிலேயே தங்க வேண்டும். நான்கு வாரத்துக்கு வேறு மொழியில் ஒரு சொல் பேசக்கூடாது. கடைசி வியாழக்கிழமை பரீட்சை. மாணவருக்கில்லை, கற்றுக்கொடுத்தவருக்கு. ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் வேலை.

"ஏம்மா ராயா, வாசல்லயே நோவைக் கொட்டுறா உன் பொண்ணு. இதுதான் நீ சொல்லிக்கொடுத்த லட்சணமா?" என்றார் ஷினுனா டீச்சர். "விசாரிக்கிறதுக்கு ஒழுங்கா பதில் சொல்லத் தெரியாதவளுக்கு மத்ததெல்லாம் எதுக்கு?"

ராயாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து காலையில் பல் தேய்க்கும்போது, மீன் ஆயும்போது, கடற்கரையில் நடக்கும்போது, எந்நேரமும் டோரொத்தாவை விசாரித்துக்கொண்டே இருந்தாள். தூங்கின சேதி? நல்ல சேதி. உடம்புச் சேதி? நல்ல சேதி. தப்பித்தவறி ஒரு நாள், "வயிறு..." என்று டோரொத்தா ஆரம்பித்ததும் கையை ஓங்காத குறையாக அதட்டினாள். 'ஆனா' என்று சொல்வது கடைசிப் பாடம். அதை இப்போதே சொல்லிக்கொடுத்தால் பெண் குழம்பிப் போவாள், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். டோரொத்தாவும் லேசுப்பட்டவள் இல்லை. இன்னொரு தரம் சிரிக்க விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

இரண்டாவது வாரம் எல்லோரும் கப்பலேறி எதிர்க்கரையில் இருக்கும் டாங்கா ஊருக்குப் போய் வந்தார்கள். அங்கே கொசுவலை இல்லாத அறையில் மூன்று ராத்திரி.

நான்காவது வாரம் திங்கட்கிழமை டோரொத்தா தேங்காய்ப்பால் சோற்றைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை, கல்லும் வேகும் வெயிலில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள்.

"என்ன ராயா, உன் ஆளு அவங்க ஊர்க் குளிரையும் பெட்டியில வச்சுக் கொண்டாந்துட்டாளா?" என்று கூடப் படிக்கும் ம்பருக் கேலி செய்தான்.

"போடா. உன் ஆளுக்கு நாலு கேள்வி தாண்டலை, நீ பேசுற."

வீட்டில் ராயாவின் அம்மா கேலி செய்யவில்லை. "அந்தப் பொண்ணு கண்ணே சரியில்லடி. அவளுக்குப் புரியற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை கேளேன்."

"கேட்டேன்னு தெரிஞ்சா என் வேலை போச்சும்மா. அவதான் நல்ல சேதிங்கிறாளே!"

"நீ சொல்லச் சொன்னதைச் சொல்றா."

புதன்கிழமை மதியம் ராயா நோட்டை வாங்கும்போது டோரொத்தாவின் விரல் பட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி கொதித்தது. ஆஸ்பத்திரி ஐந்து நிமிட நடைதான். உனக்கு என்ன செய்கிறது என்று கேட்க ராயாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"உடம்புச் சேதி?" என்று சுவாஹிலியில் கேட்டாள்.

டோரொத்தா பல் கிட்டித்துக்கொள்ள, "நல்ல சேதி" என்றாள்.

நாளை ஒரு நாள்தானே என்று ராயா தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். பயமாக இருந்தது. ஆனாலும் தேற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஷினுனா டீச்சர் பதினோரு கேள்வி கேட்டார். வீடு, வேலை, படிப்பு, ஊர், தூக்கம், ஒன்று விடவில்லை. பதினொன்றுக்கும் டோரொத்தா தட்டுத் தடங்கலில்லாமல், முகம் கோணாமல், இங்கேயே பிறந்தவள் மாதிரி பதில் சொன்னாள். வேர்வை முகவாயிலிருந்து சொட்டியது. டீச்சர் ராயாவைப் பார்த்துத் தலையாட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்துபோயிற்று.

கேள்விகள் தீர்ந்த பிறகும் டோரொத்தா உட்காரவில்லை. ராயாவைத் திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்தது, எதையோ தேடியது. என்ன சொல்லைத் தேடுகிறாள் என்று ராயாவுக்குத் தெரியும். அதைத்தான் அவள் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. டோரொத்தா மேசையைப் பிடித்தாள், பிடி நழுவியது, தரையில் விழுந்தாள்.

மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இரண்டு நாள் முன்னே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று நர்ஸ் கேட்டபோது ராயா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டர் ஹமடி வார்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ராயா எழுந்து நின்றாள்.

"என்ன சேதி டாக்டர்?"

"நல்ல சேதிம்மா."

"வீட்டுச் சேதி?"

"நல்ல சேதி."

"பிள்ளைங்க சேதி?"

"நல்ல சேதி." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாயைத் திறந்தார்.

"வேலைச் சேதி?" என்று ராயா அவசரமாகக் குறுக்கிட்டாள். "அம்மா சேதி? அவங்க முட்டிவலி? காலையில வந்த பாதை? உங்க தெருவுல மழை?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் கோபப்படவில்லை. இந்த ஊர்க்காரர் அல்லவா, ஒவ்வொன்றுக்கும் நின்று, நல்ல சேதி, நல்ல சேதி என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விசாரிக்க அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

"ஆனா, ராயா..." என்றார்.